ஊறுகாய் பாட்டிலில் இருந்த கரி

எங்கள் தெருவில் நான்காவது வீட்டுக்காரர் போன வாரம் தன் காருக்குக் கார்பன் எடுத்தார். கார் வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. வாசலுக்கே ஒரு வேன் வந்தது. இரண்டு பேர் இறங்கி, பானெட்டைத் தூக்கி, காற்று போகிற குழாயில் ஒரு ரப்பர் டியூபைச் செருகி, ஒரு பெட்டியை ஓடவிட்டார்கள். முக்கால் மணி நேரம் வண்டி நின்ற இடத்திலேயே உறுமியது. பிறகு ஒரு வெள்ளைத் துணியைச் சைலன்சர் வாயில் விட்டுத் துடைத்து, "பாருங்க சார், எவ்ளோ கருப்பு" என்று காட்டினார்கள். சைலன்சருக்குள் கருப்பு இல்லாமல் சந்தனமா இருக்கும்? அவர் என்னைக் கூப்பிட்டு, "ஏழுமலை, வண்டி இப்ப புதுசு மாதிரி போவுது" என்றார். வண்டியே புதுசுதான். கார்பன் எடுத்த பிறகு அதை அவர் தெருமுனை வரைக்கும்கூட இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.

நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "நீ இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சினு கீற, அவரு கார் அவரு இஷ்டம்" என்றாள் என் மனைவி. அதுவும் சரிதான். ஆனால் அதே நாள் எங்கள் பழைய சர்வீஸ் சென்டர் பையன்கள் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டிருந்தார்கள். "அண்ணா, கார்பன் கிளீனிங் பத்தி உங்க அனுபவத்த பத்து வரி எழுதி அனுப்புங்க. புதுசா சேந்தவங்களுக்கு யூஸ் ஆவும்." முப்பத்தோரு வருஷத்தைப் பத்து வரியில் எழுத இது என்ன ரசம் வைக்கிற குறிப்பா? எழுதுகிறேன். ஆனால் அவர்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது.

முதலில் கார்பன் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அதை எடுக்கிறவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. டீசல் என்ஜினில் எரிந்து வெளியே போகிற புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளேயே அனுப்புவார்கள். காற்று அதிகம் கெடக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது. அதற்கென்று ஒரு வால்வு இருக்கிறது, ஈ.ஜி.ஆர். வால்வு என்போம். அந்தப் புகையில் வருகிற கரியும், என்ஜினுக்குள்ளிருந்து கிளம்புகிற எண்ணெய் ஆவியும் சேர்ந்து, காற்று போகிற வழியில் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். வருஷக்கணக்கில் படிந்தால் வழி சுருங்கி என்ஜினுக்கு மூச்சு முட்டும். வண்டி இழுக்காது. கரும்புகை விடும். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். கடைசியில் நாற்பதுக்கு மேல் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கும். சாதாரணப் பெட்ரோல் வண்டியில் பெட்ரோலே வால்வைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போகிறது. அங்கே பெரிதாக எடுக்க ஒன்றும் இருக்காது. நான்காவது வீட்டுக்காரருடையது சாதாரணப் பெட்ரோல் வண்டி.

எனக்குச் சொந்த ஊர் அச்சரப்பாக்கம். செங்கல்பட்டில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரி ஷெட்டில் சில வருஷம் கிடந்தேன். அங்கே கற்றது பாதி, வாங்கிய வசவு பாதி. பிறகு செங்கல்பட்டில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் சேர்ந்து, அங்கேயே ரிட்டயர் ஆனேன். பெயர் வேண்டாம். பெயர் சொன்னால் அந்த ஒரு இடத்தில்தான் இப்படி நடந்தது என்று மற்றவர்கள் எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

அங்கே ஃபோர்மேனாக இருந்தவர் தாவூத் சார். கோவளத்துக்காரர். திருப்போரூர் வழியாக இரண்டு பஸ் மாறி வருவார், ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. கிரீஸும் எண்ணெயும் புரளுகிற இடத்தில் வெள்ளைச் சட்டை போட்டு வேலை செய்வார். மாலையிலும் அது வெள்ளையாகவே இருக்கும். இதைப் பார்த்தாலே எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். யாரையும் வா போ என்று பேச மாட்டார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் ஏறும். சாதாரணமாக இருந்தால் "ஏழுமலை". கொஞ்சம் கோபம் என்றால் "ஏழுமலை சார்". "ஐயா" என்று கூப்பிட்டால் அன்றைக்கு உங்கள் பிழைப்பு அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு டீசல் வண்டி இழுவை இல்லை என்று வந்தால், உடனே கழற்ற விட மாட்டார். முதலில் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். பிறகு காற்றுக் குழாய் முழுக்கக் கையால் தடவி, எங்கேயாவது எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஸ்கேனர் போட வேண்டும். அதற்கும் பிறகு அவரே பக்கத்தில் உட்கார்ந்து வண்டியைத் திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பார். இவ்வளவும் முடிந்து கரிதான் காரணம் என்று அவர் மனசுக்குப் பட்டால்தான் ஸ்பேனரைத் தொடலாம். நாங்கள் பொறுமை இழந்து நெளிவோம். பத்து வண்டியில் நான்கு வண்டி கழற்றாமலேயே சரியாகிவிடும்.

கழற்றினால் அது ஒரு நாள் வேலை. பேட்டரி கனெக்‌ஷன் எடுத்து, என்ஜின் ஆறுகிற வரை காத்திருக்க வேண்டும். கோவளம், மாமல்லபுரம் பக்கத்து வண்டி என்றால் போல்ட்டுகள் உப்புக் காற்றில் துருவேறிப் பிடித்திருக்கும். அவசரப்பட்டு முறுக்கினால் தலை முறிந்து கையில் வரும். எண்ணெய் விட்டு, ஊறவைத்து, லேசாகச் சூடு காட்டி, கால் சுற்றுப் போவதும் திரும்புவதுமாக எடுக்க வேண்டும். மேனிஃபோல்டு, அதாவது காற்றை நாலு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கிற அந்தப் பெரிய குழாய், கையோடு வந்ததும் என்ஜின் பக்கத்தில் தெரிகிற ஓட்டைகளை உடனே துணி வைத்து அடைக்க வேண்டும். துணி எத்தனை வைத்தோம் என்று வாய்விட்டு எண்ண வேண்டும். எடுக்கும்போதும் வாய்விட்டு எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் வீட்டுக்குப் போக முடியாது.

சுரண்டுவதற்கு இரும்பு கூடாது. உள்ளே அலுமினியம், கோடு விழும். தாவூத் சார் சவுக்குக் குச்சியை உளி மாதிரி சீவிக் கொண்டுவருவார். கடலோரத்தில் சவுக்குக்கு என்ன பஞ்சம். எந்தச் சிலிண்டரில் வேலை செய்கிறோமோ அதன் வால்வு மூடியிருக்கும்படி என்ஜினைக் கையால் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் சுரண்ட வேண்டும். திறந்திருந்தால் கரி நேராக உள்ளே விழுந்து, பிஸ்டன் ஓடுகிற சுவரைக் கீறிவிடும். சுரண்டியதை வேக்குவம் வைத்து உறிஞ்சி, மருந்து தடவி, மறுபடி சுரண்டி, துடைத்து, இடுக்கில் காற்று கசியாமல் இருக்கப் புது கேஸ்கெட் வைத்துப் பூட்ட வேண்டும். பழைய கேஸ்கெட்டைத் திருப்பி வைக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். "தாராளமா வைங்க ஏழுமலை சார்" என்றார். புதுசு வாங்க ஸ்டோருக்கு ஓடினேன்.

கடைசியாக ஒரு வழக்கம். எடுத்த கரி முழுவதையும் கேன்டீனில் கழித்துப்போட்ட ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து, அவரே கஸ்டமரிடம் எடுத்துக்கொண்டு போவார். "இது உங்க வண்டில இருந்துச்சு. தொட்டுப் பாருங்க" என்பார். கஸ்டமர் பார்த்த பிறகுதான் அதைக் கொட்டலாம். நாங்கள் செய்த வேலை வெளியே தெரியாத வேலை. வண்டியின் வயிற்றுக்குள் செய்துவிட்டு மூடிவிடுகிறோம். அதைப் பார்க்க அவர்களுக்கு வேறு வழியில்லை என்பது அவர் கணக்கு.

கல்பாக்கம் பக்கத்து குவார்ட்டர்ஸிலிருந்து ஆராய்ச்சி உத்தியோகஸ்தர்கள் நிறையப் பேர் எங்களிடம் வருவார்கள். படித்த மனிதர்கள். ஆனால் வீட்டிலிருந்து ஆபீஸ் வரை மூன்று கிலோமீட்டர், அதைத் தாண்டி வண்டி எங்கும் போகாது. என்ஜின் சூடாவதற்குள் நிறுத்திவிடுவார்கள். அந்த வண்டிகளில்தான் கரி சீக்கிரம் சேரும். அப்படி ஒருவரிடம், "வாரத்துக்கு ஒருநாள் ஈ.சி.ஆர். மேல ஒரு மணி நேரம் நல்லா வேகமா ஓட்டுங்க சார், இங்க வர வேண்டியதே இல்ல" என்றேன். ஆறு மாதம் கழித்து வந்தார். வண்டி நன்றாக இருந்தது, அவர் முகம்தான் சரியில்லை. "ஒரு மணி நேரம்னு நீங்க சொன்னீங்க, எங்க வீட்ல அதுக்குள்ள எத்தன கோயில் வருதுன்னு லிஸ்ட் போட்டுட்டாங்க. ஞாயித்துக்கிழமையே போச்சு" என்றார். அதற்கும் நான்தான் பொறுப்பு போல.

இனி பாட்டிலுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

செய்யூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பழைய டீசல் வண்டியில் கரி பாளம் பாளமாக வந்தது. குழாயின் வளைவு அப்படியே பதிந்த பெரிய பெரிய துண்டுகள். அவ்வளவு நன்றாக எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு டீசல் கரி எப்படி இருக்கும் என்று காட்டலாமே என்று, கேன்டீனில் காலியாகக் கிடந்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைக் கழுவித் துடைத்து, அதில் போட்டு என் டூல்ஸ் ராக்கில் வைத்தேன். அதை வைத்தது நான். இதை யார் மேலும் போட முடியாது.

அதற்குள் எங்கள் இடம் மாறியிருந்தது. புது மேனேஜர் வந்திருந்தார். சுவரில் ஒரு பலகை மாட்டி, யார் எத்தனை கார்பன் கிளீனிங் பிடித்தார்கள் என்று எழுதினார்கள். மீன் பிடிப்பது மாதிரி "பிடித்தார்கள்" என்றுதான் சொல்வார்கள். ஒருநாள் வேலையெல்லாம் கட்டுப்படியாகாது என்று ஒரு ஸ்பிரே டப்பா வந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்து, காற்றுக் குழாயில் இருபது நிமிஷம் அடித்தால் முடிந்தது. தார் மாதிரி ஒட்டியிருப்பது இருபது நிமிஷ ஸ்பிரேயில் போகும் என்றால் நாங்கள் எதற்குச் சவுக்குக் குச்சியைப் பிடித்துக்கொண்டு முதுகு ஒடிந்தோம்? ஆனால் செய்த வேலையை எழுதுகிற ஜாப் கார்டில் மட்டும் பழைய வாசகமே இருந்தது. மேனிஃபோல்டு கழற்றப்பட்டது, சுத்தம் செய்யப்பட்டது, டெக்னீஷியன் கையெழுத்து.

முன் ஆபீஸில் கஸ்டமர்களிடம் பேசுகிற அட்வைசர் பிரவீன். நல்ல பையன், சிரித்த முகம். ஒருநாள் என் ராக்கில் பாட்டிலைக் காணோம். போய்ப் பார்த்தால் அவன் மேஜைக்கு அடியில் இருந்தது. "ஒரு டெமோக்குதாண்ணா. கஸ்டமருக்கு காட்னா டக்குனு புரிஞ்சிக்கிறாங்க" என்றான். சரி டெமோதானே என்று வந்துவிட்டேன். பிறகு ஒருநாள் டெஸ்ட் டிரைவ் சாவி வாங்கப் போனபோது, ஒரு அம்மாவிடம் அவன் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. தாவூத் சாரின் அந்த எவர்சில்வர் தட்டு மாதிரியே ஒரு தட்டு. அதில் என் பாட்டில் கரி. "மேடம், இது உங்க வண்டிலேர்ந்து எடுத்தது. தொட்டுப் பாருங்க." அந்த அம்மாவின் வண்டி முதல் சர்வீஸுக்கு வந்திருந்தது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். டீ நேரத்தில் இதை மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவ்வளவுதான் செய்தேன். மாலையில் பிரவீன் ஒரு கட்டு ஜாப் கார்டுகளைக் கொண்டுவந்து, "அண்ணா, பஸ்ஸுக்கு டைம் ஆச்சுல்ல, சீக்கிரம் போட்டுடுங்க" என்பான். நானும் பேனாவை எடுத்து வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிப்பேன். தாவூத் சார் பின்னால் ஷெட்டில் இருப்பவர். ஸ்பிரே வந்தது தெரியும், கார்டில் எழுதுவதும் முன் ஆபீஸில் தட்டில் காட்டுவதும் அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

அருள்தாஸ் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

செய்யூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை பறித்தவர்கள். இவர் பல வருஷம் யார் யார் வண்டியையோ ஓட்டி, கடைசியில் ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி ஒன்றைச் சொந்தமாக எடுத்தார். அவர்கள் தெருவில் முதல் கார். ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. ஆபீஸுக்கு, மாமல்லபுரம், கோவளம் பக்கம் குடியிருக்கும் ஊழியர்களை ஏற்றி இறக்குகிற கான்ட்ராக்ட் அவருக்கு. வண்டிக்குள் கால் வைக்கவே கூச்சமாக இருக்கும், அவ்வளவு சுத்தம். அந்த வண்டி ஐந்து மாதத்தில் எங்களிடம் இரண்டு தடவை வந்திருந்தது. இரண்டு தடவையும் மஞ்சள் விளக்கு, இழுவை இல்லை. இரண்டு தடவையும் கார்பன் கிளீனிங்.

மூன்றாவது தடவை ஒரு வெள்ளிக்கிழமை நேராகப் பின் ஷெட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். முன் ஆபீஸில் நிற்கவில்லை.

"அண்ணாத்த, காத்தால மாமல்லபுரம் தாண்டி நின்னுடுச்சு. உள்ள நாலு பொம்பள பசங்க ஆபீஸ் போவணும். மறுபடி ஸ்டார்ட் பண்ணி நாப்பதுல உருட்டிகினு போனேன். பின்னாடி வர்ற பஸ்காரன் ஆரன் அடிச்சே சாவடிச்சிட்டான். ஒரு மணி நேரம் லேட்டு" என்றார். "டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல கூப்ட்டு சொல்லிட்டாங்க. மூணு தபா ஆச்சு, நீ வண்டிய கவனிக்கிறதே இல்லன்னு. வண்டி ரெடியாச்சு, தப்பு என்னுது இல்லன்னு சர்வீஸ்காரங்க கிட்ட எழுதி வாங்கினு திங்கக்கெழம வரணுமாம். இல்லாங்காட்டி கான்ட்ராக்ட் கட்டு. நான் இன்னா கவனிக்கல சொல்லு?"

தாவூத் சார் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த வண்டியின் பழைய ஜாப் கார்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டையும் வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, இந்தக் கையெழுத்து ரெண்டும் உங்களுதுங்களா?"

"ஆமா சார்."

"திறந்தீங்களா?"

"இல்ல சார்" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "சரிங்க ஐயா. இப்ப திறங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு அவர் சொன்ன ஒவ்வொரு படியையும் விடாமல் செய்தேன். ஃபில்டர், குழாய், ஸ்கேனர், ரோடு டெஸ்ட், எல்லாம். கரிதான். சனிக்கிழமை காலையில் மேனிஃபோல்டைக் கழற்ற ஆரம்பித்தேன். ஒரு போல்ட் மட்டும் மதியம் வரை என்னோடு மல்லுக்கு நின்றது. கையோடு வந்ததும் உள்ளே பார்த்தேன். இரண்டு கட்டைவிரல் சேர்ந்து போக வேண்டிய வழியில் ஒரு பென்சில்தான் போகும். இரண்டு முறை சுத்தம் செய்யப்பட்டதாக என் கையெழுத்து சொல்கிற வழி அது. அந்த வண்டி மாமல்லபுரம் வரைக்கும் வந்ததே அதன் பெருந்தன்மை.

சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. தட்டு நிறைந்தது. தாவூத் சார் வழக்கம்போல அதை எடுத்துக்கொண்டு கஸ்டமர் உட்காருகிற இடத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். அருள்தாஸ் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"இது உங்க வண்டில இருந்துச்சு. தொட்டுப் பாருங்க" என்றார் தாவூத் சார்.

அருள்தாஸ் தட்டைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். தொடவில்லை.

"இன்னா சார், மறுபடியும் இதையே காட்றீங்க? ரெண்டு தபா பாத்துட்டேன் சார் இந்தக் கரிய. போன தபா முன் ஆபீஸ்ல பாட்டில்லேர்ந்து தட்டுல கொட்னத நானே பாத்தேன், அதானே? என்னைப் பாத்தா உங்களுக்கு எப்டி கீது?"

தாவூத் சார் கையில் தட்டோடு அப்படியே நின்றார். முப்பது வருஷமாக அவர் நடத்திவந்த வழக்கம். உண்மையிலேயே அந்த வண்டியில் எடுத்த கரி. அதை அந்த வண்டிக்காரர் நம்பவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பி, "எந்த பாட்டில்?" என்று கேட்டார். ஐயா என்றுகூடக் கூப்பிடவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன், அருள்தாஸ் காதில் விழவே சொன்னேன். பிறகு அருள்தாஸைக் கையோடு ஷெட்டுக்கு அழைத்துப்போய், பூட்டாமல் வைத்திருந்த என்ஜினைக் காட்டினேன். இன்னும் சுரண்டாமல் விட்டிருந்த ஓட்டைக்குள் அவரே விரலை விட்டுப் பார்த்தார். கறுத்த விரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ரெண்டு தபாவும் ஒண்ணுமே பண்ணலயா?" என்றார். கோபம்கூட இல்லை, வெறும் அலுப்பு. "எனக்கு லெட்டர் குடுங்க. அது போதும்."

மேனேஜரிடம் போனோம். அவர் ரொம்ப நன்றாகப் பேசினார். இந்தத் தடவைக்கு லேபர் சார்ஜ் வேண்டாம் என்றார். வண்டியை இலவசமாகப் பாலிஷ் போட்டுத் தரச் சொன்னார். லெட்டர் மட்டும் முடியாது, கம்பெனி லெட்டர்ஹெட்டில் நம் தப்பு என்று எழுதினால் மேலே கேட்பார்கள் என்றார். லெட்டர் கேட்டு வந்தவருக்குப் பாலிஷ் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வெளியே வந்ததும் தாவூத் சாரைப் பார்த்தேன். அவர் எழுதித் தருவார் என்று நிச்சயமாக நினைத்தேன். ஃபோர்மேன் கையெழுத்துக்கு ஒரு மரியாதை உண்டு. அவர் தட்டை மேஜை மேல் வைத்துவிட்டு, "எனக்கு இன்னும் பதினோரு மாசம் சர்வீஸ் இருக்கு ஏழுமலை. பொண்ணு கல்யாணம் நிக்குது. நான் எழுத முடியாது" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கேஸ்கெட்டுக்கு என்னை ஓடவிட்ட மனிதர், துணியை வாய்விட்டு எண்ண வைத்த மனிதர், ஒரு காகிதத்துக்குப் பயப்படுகிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. அவர் செய்யாத தப்புக்கு அவர் எதற்கு எழுத வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. தோன்ற எனக்கு ஒரு வாரம் ஆனது. அவரை இன்றைக்கும் மதிக்கிறேன். அன்றைக்கு மட்டும் மதிக்கவில்லை.

அந்தக் கோபத்தில்தான் எழுதினேன். நல்லவன் என்று பெயர் வாங்க எழுதவில்லை. ஸ்டோரில் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, வேலை முடித்து வண்டியைப் பூட்டிய பிறகு, அதன் பானெட் மேலேயே வைத்து எழுதினேன். "இந்த வண்டியின் மேனிஃபோல்டை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்ததாக ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்டது நான். இரண்டு முறையும் நான் கழற்றவில்லை. வண்டி நின்றதற்கு ஓட்டுநர் காரணம் இல்லை. இன்று கழற்றிச் சுத்தம் செய்திருக்கிறேன்." கீழே பெயர், வேலை, போன் நம்பர். அருள்தாஸ் அதை இரண்டு தடவை வாசித்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தார். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

திங்கட்கிழமை அந்த ஐ.டி. ஆபீஸிலிருந்து எனக்கு போன் வந்தது. எழுதியது நீங்கள்தானா என்றார்கள். நான்தான் என்றேன். கான்ட்ராக்ட் நின்றது, அதாவது போகாமல் நின்றது. அடுத்த வாரம் எனக்கு ஒரு மெமோ வந்தது. என்ஜின் வேலையிலிருந்து எடுத்து வாட்டர் வாஷுக்குப் போட்டார்கள். ரிட்டயர் ஆகிற வரைக்கும் கார் கழுவினேன். பிரவீனுக்குப் பதவி உயர்வு வந்து வேறு ஊருக்குப் போனான். போகும்போது, "அண்ணா, நீங்க ரொம்ப எமோஷனல்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான். நன்றாக இருக்கட்டும்.

தம்பிகளே, உங்களுக்குப் பத்து வரியில் வேண்டியது இதற்குள் எங்கேயோ இருக்கும். தேடி எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

போன தை மாதம் மாமல்லபுரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு, நானும் என் மனைவியும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். ஒரு வண்டி எங்களைத் தாண்டிப் போய், பிரேக் போட்டு, ரிவர்ஸில் வந்தது. அருள்தாஸ். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. இறங்கி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாத்த! எப்டிகீற? அண்ணி, இவரு மட்டும் அன்னிக்கு லெட்டர் எழுதலன்னா நான் மறுபடி அடுத்தவன் வண்டிதான் ஓட்டினு இருந்திருப்பேன்" என்று என் மனைவியிடம் சொன்னார். டீ வாங்கித் தந்தார். அதே வண்டிதான், இன்னும் அதே சுத்தம். கான்ட்ராக்ட் ஓடுகிறதாம், பெண் நர்சிங் படிக்கிறாளாம். எங்களைத் திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்று பிடிவாதமாக ஏற்றிக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது, அதை மறைப்பானேன்.

வண்டியை ஸ்டார்ட் செய்தார். கீச்சென்று ஒரு சத்தம். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற பேரிங் போகப்போகிறது. காதில் விழுந்த உடனே தெரிந்தது.

"அருள்தாஸ், பானெட்ட தெற. ரெண்டு நிமிஷம், பாத்துடலாம்."

அவர் கை சாவி மேலேயே இருந்தது.

"வாணாம் அண்ணாத்த."

"யோவ், பேரிங் கத்துதுய்யா. பெல்ட் அறுந்தா நடுரோட்டுல நிப்ப."

"இன்னா பேரிங்குன்னு சொல்லு, எங்க ஊர்ல ஒரு பையன் கீறான், அவன்கிட்ட காட்டிக்கிறேன்."

"நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு கீறேன், இன்னொருத்தன்கிட்ட போறியா? உனக்கு லெட்டர் எழுதுனவன்யா நான்!"

அருள்தாஸ் என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

"கோச்சுக்காத அண்ணாத்த. அந்த லெட்டர் இன்னும் என் வூட்ல பத்திரமா கீது. அதுலதான் எழுதிக்கீற, ரெண்டு தபா தொறக்காமயே கையெழுத்து போட்டேன்னு."

பின் சீட்டில் என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேரிங்கின் பெயரைச் சொன்னேன், அவர் போனில் குறித்துக்கொண்டார். திருக்கழுக்குன்றம் வரைக்கும் அது கத்திக்கொண்டே வந்தது. நான் முன் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.